சுவரைப் பார்த்து உட்கார்ந்த டீச்சர்

பிள்ளைகளே, உங்கள் டீச்சர் உங்களைப் பார்த்துத்தானே பாடம் நடத்துவார்? தூத்துக்குடியில் எனக்குத் தெரிந்த டீச்சர் ஒருவர் பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு பாடம் நடத்தினார். கோபித்துக்கொண்டு அப்படி உட்காரவில்லை. அவர் வழக்கமே அதுதான்.

அவர் சொல்லிக்கொடுத்தது டாப் டான்ஸ். வெளிநாட்டு ஆட்டம். ஷூவின் அடியில் முனையில் ஒரு தகடும் குதிகாலில் ஒரு தகடும் வைத்து அடித்திருக்கும். அதைப் போட்டுக்கொண்டு மரப்பலகை மேல் ஆடினால் ஒவ்வோர் அடியும் வாய் திறந்து பேசும். மற்ற ஆட்டங்களில் மேளத்துக்குக் கால் ஆடும். இதில் காலே மேளம்.

கடற்கரைச் சாலைக்கு உள்ளே தள்ளி ஒரு பழைய உப்புக் கிட்டங்கி இருந்தது. உப்பு மூட்டை அடுக்குவதை நிறுத்திப் பல வருஷம் ஆகியும், சுவரில் உப்புப் பூத்துக் காரை உதிர்ந்துகொண்டே இருக்கும். அந்தச் சுவரை ஒட்டி ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் டீச்சர். அவர் முதுகுக்குப் பின்னால் பன்னிரண்டு பிள்ளைகள் ஆடுவார்கள். கொஞ்ச நேரம் போனதும், திரும்பாமலே சொல்லுவார்: "மூணாவது ஆளு, இடது குதி விழல." மூன்றாவதாக நிற்கிற பையன் திடுக்கிட்டுத் தன் இடது காலைக் குனிந்து பார்ப்பான். "குனியாதல. தரையில ஒண்ணும் கெடக்கல" என்பார், அதையும் திரும்பாமலே.

ஏன் இப்படி என்று ஒருநாள் கேட்டேன். மூஞ்சி ஏமாற்றும் என்றார். சிரித்த முகமாக ஒரு பிள்ளை ஆடினால் கால் தப்பினாலும் நமக்குத் தெரியாதாம். உம்மென்று இருக்கிற பிள்ளை எவ்வளவு சரியாக ஆடினாலும் மனசில் ஒட்டாதாம். "காதுக்கு அழகு தெரியாதுலா தம்பி. அதனால அது நியாயமாச் சொல்லும்" என்றார்.

அவர் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் அவருக்குப் பிடிக்காது. ஊரில் எல்லாரும் 'டக்டக் டீச்சர்' என்றுதான் சொல்லுவோம். அவருடைய அப்பா கடலில் மூழ்கிச் சங்கு எடுத்தவர். டீச்சர் சின்ன வயதிலேயே சென்னைக்கு, சினிமாவுக்கு உடை தைக்கிற சித்தி வீட்டுக்குப் போய்விட்டார். அடுத்த தெருவில் ரயில்வேயில் வேலை பார்த்த ஓர் ஆங்கிலோ இந்தியர் ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த ஆட்டம் சொல்லிக்கொடுப்பாராம். அங்கே கற்றுக்கொண்டு சினிமாவில் கூட்டத்தோடு ஆடப் போனார். ஆடத் தெரியாத நடிகைக்குக் காலை மட்டும் காட்ட வேண்டியிருந்தால் டீச்சர் காலைத்தான் படம் எடுப்பார்களாம். பிறகு, டான்ஸ் அமைத்துக் கொடுக்கிற மாஸ்டருக்கு உதவியாளராகவும் இருந்திருக்கிறார்.

எந்தப் படம், எந்தப் பாட்டு என்று என் வீட்டுக்காரி எத்தனையோ தடவை கேட்டாள். டீச்சர் சிரித்து, "நடிச்ச பிள்ளைக்கு ஊரெல்லாம் பேரு. கால் என்னோடதுன்னு சொல்லி இப்பம் எதுக்கு அதைக் கெடுக்கணும்?" என்று முடித்துவிட்டார். வீட்டுக்காரியும் விடவில்லை. இன்றைக்கும் டிவியில் பழைய பாட்டில் எந்தக் கால் வந்தாலும் "இது டீச்சர் காலுதான்" என்பாள்.

எனக்கு அவர் பழக்கமானது ஒரு தப்பினால். நான் துறைமுகத்துக்கு வெளியே பேலட் அடிக்கிற வேலை செய்கிறேன். பேலட் என்றால், கப்பலில் ஏற்றுகிற சரக்கை அடுக்கி வைக்கிற மரத்தட்டு. ஆடுவதற்குக் கிட்டங்கித் தரை ஆகாது, பலகை போட வேண்டும் என்று டீச்சர் ஆள் தேடினார். நான் போனேன். கப்பலில் சரக்கு அசையாமல் இருக்க முட்டுக் கொடுத்து வருகிற பைன் மரம் ஏலத்தில் கிடைக்கும். நல்ல கனமான பலகையாகப் பார்த்து எடுத்து, நெருக்கமாகச் சட்டம் வைத்து அடித்தேன். பலகை ஆடக்கூடாது என்பதுதான் நான் படித்த தொழில். அதனால் கடற்கரை மண்ணை அள்ளி வந்து அடியில் இருந்த இடைவெளி முழுக்கக் கெட்டியாக அடைத்தேன். என் மனசுக்கு ரொம்பத் திருப்தி. பத்து டன் தாங்கும் டீச்சர் என்று பெருமையாகச் சொன்னேன்.

அவர் ஷூவைப் போட்டுக்கொண்டு மேலே ஏறினார். ஒரு தடவை குதிகாலைத் தட்டினார். தொப்பென்று சத்தம், கருப்பட்டிச் சிப்பம் விழுந்த மாதிரி. அவர் சிரிப்பை அடக்கியது முகத்தில் தெரிந்தது.

"தம்பி, இதுல யானைய நிப்பாட்டலாம். ஆட முடியாது."

பிறகு பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். பலகைக்கு அடியில் காற்று இருக்க வேண்டும். சட்டம் தள்ளித் தள்ளி இருக்க வேண்டும். பலகை கொஞ்சம் அசைந்தால்தான் பேசும். நான் அவ்வளவு மண்ணையும் சட்டி சட்டியாக வெளியே அள்ளிக் கொட்டினேன். போகிறவர் வருகிறவர் எல்லாம், என்ன அண்ணாச்சி கிட்டங்கிக்குள்ள கிணறு வெட்டுதியளா என்று கேட்டார்கள். இரண்டாம் தடவை பலகை போட்டு முடித்ததும் டீச்சர் ஏறி நின்று மெதுவாக ஆரம்பித்தார். அப்புறம் வேகம் பிடித்தார். அத்தனை வருஷமாக நான் அடித்த மரமெல்லாம் வாயை மூடிக்கொண்டு கப்பலேறிப் போயிருக்கிறது. என் கைவேலை பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான். அடுத்த மாதமே என் மகள் பவித்ராவை அங்கே சேர்த்துவிட்டேன். அப்போது அவள் ஆறாம் வகுப்பு.

டீச்சருக்கு ஆட்டத்தை விட அந்தச் சத்தம் முக்கியம். ஷூத் தகடு உப்புக் காற்றில் துருப்பிடித்தால் சத்தம் மாறிவிடும். அதனால் வகுப்பு முடிந்ததும் பிள்ளைகள் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து தகட்டுக்குத் தேங்காய் எண்ணெய் தடவ வேண்டும். பெண்பிள்ளைகள் கையில் மிச்சமான எண்ணெயைத் தலையில் தேய்த்துக்கொள்வார்கள். வீட்டுக்கு வந்தால் துரு வாசனையும் எண்ணெய் வாசனையும் சேர்ந்து அடிக்கும்.

ஒரு பள்ளிக்கூட ஆண்டு விழாவில் இந்தச் சத்தத்துக்காக ஒரு சண்டையே நடந்தது. பிள்ளைகள் ஆடும்போது பாட்டே வேண்டாம், மேடைப் பலகைக்கு அடியில் இரண்டு மைக் வையுங்கள் என்று டீச்சர் கேட்டார். சவுண்ட் சர்வீஸ்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. அவரிடம் ஆள் உயரத்துக்கு எட்டு ஸ்பீக்கர் பெட்டி இருந்தது. பாட்டுப் போடாமல் இருந்தால் அவருக்குக் கை சும்மா இருக்காது.

"மைக்கு வாய்க்குத்தான் டீச்சர். காலுக்கு எவன் வச்சான்?"

"வாய் பேசுறதத் தெனமும் கேக்கோம்லா அண்ணாச்சி. இன்னைக்கு ஒரு நா கால் பேசட்டும்."

முனகிக்கொண்டே வைத்தார். பன்னிரண்டு பிள்ளைகளும் ஒன்றுபோலத் தொடங்கினார்கள். முதலில் அங்கொன்றும் இங்கொன்றுமாக முனையால் தட்டினார்கள். அப்புறம் நெருங்கியது. அப்புறம் தகரத்தில் மழை கொட்டுகிற மாதிரி சடசடவென்று பிடித்தது. மைதானத்தில் பாதிப் பேர் தலையைத் தூக்கி வானத்தைப் பார்த்தார்கள். முன்வரிசையில் இருந்த உப்பளக்காரர் ஒருவர் செல்லை எடுத்து, ஏலே அங்கன மழையா, உப்பை மூடுங்கல என்று அளத்துக்குப் போன் போட்டுவிட்டார். சுற்றியிருந்தவர்கள் சிரித்து அடங்க வெகுநேரம் ஆனது. டீச்சர் அமைத்த ஆட்டத்தின் பெயரும் மழைதான். சினிமாவில் எத்தனை வருஷம் ஆடியிருந்தாலும் இந்தப் பாராட்டு கிடைத்ததில்லை என்று பிறகு என்னிடம் சொன்னார்.

இனிமேல் சொல்லப்போவது கொஞ்சம் சங்கடமானது. ஆனாலும் உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

பவித்ரா ஏழாம் வகுப்புக்கு வந்த வருஷம், டீச்சர் எனக்குப் போன் செய்து, பலகை ஊமையாகிவிட்டது, ஓதம் ஏறியிருக்கும், வந்து பாரும் என்றார். கடல் ஈரத்துக்கு மரம் ஊதுவது உண்டு. போய் நான்கு பலகையைக் கழற்றி, காய்ந்த பலகை போட்டேன். தட்டிப் பார்த்தேன், கணீரென்றது. டீச்சர் ஏறி ஆடிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். இரண்டு வாரம் கழித்து மறுபடியும் கூப்பிட்டார். சட்டம் முழுவதையும் மாற்றினேன். அப்போதும் அதே பதில்.

அந்த வாரத்தில் ஒருநாள் பவித்ரா சாப்பிடாமல் சுருண்டு படுத்துக்கொண்டாள். கேட்டுக் கேட்டு வாயைத் திறக்க வைத்தோம். அவள் ஓர் அடியைத் தப்பாக ஆடியிருக்கிறாள். டீச்சர் அவளைச் சொல்லாமல், பக்கத்தில் நின்ற ஜெனிஸ்டனைச் சத்தம் போட்டிருக்கிறார். அவன் 'நான் இல்லை' என்றும் சொல்லாமல் அழுதுவிட்டான். இவளும் 'நான்தான்' என்று சொல்லவில்லை. இப்படி இது மூன்றாவது தடவையாம். "டீச்சருக்கு இப்பம் தெரியவே மாட்டேங்குப்பா. பின்னால நிக்கவங்க சும்மாவே நிக்காங்க, ஆடுறதே இல்ல" என்றாள்.

மறுநாள் பலகை பார்க்கிற சாக்கில் போனேன். பிள்ளைகள் வருவதற்கு முன்பு டீச்சர் மட்டும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். நான் முழங்காலிட்டு ஆணியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது சுத்தியல் கை நழுவிப் பலகையில் விழுந்தது. வெற்றுக் கிட்டங்கியில் அது வெடி போட்ட மாதிரி கேட்டது. கூரையில் இருந்த புறாக்கள் எல்லாம் பறந்தன. டீச்சர் திரும்பவில்லை. நிழல் ஓடியதைக் கண்டுதான் அண்ணாந்து புறாவைப் பார்த்தார். பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். நான் சுத்தியலை எடுக்கக்கூட மறந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஓதந்தான் டீச்சர். சரி பண்ணிருதேன்" என்றேன். பொய் சொன்னேன். கிட்டத்தில் போய்ச் சத்தமாகச் சொன்னேன்.

அவர் தலையை ஆட்டினார். "மரம் ஊமையாகல தம்பி. நாந்தான் செவிடாயிட்டு வாரேன். உமக்கும் தெரியும்."

காது மிஷின் வாங்கிப் பார்த்திருக்கிறார். ஒருத்தர் பக்கத்தில் இருந்து பேசினால் அதில் கேட்கிறது. கிட்டங்கிக்குள் பன்னிரண்டு பிள்ளைகள் ஆடினால் பாத்திரக்கடை சரிந்து விழுந்த மாதிரி இருக்கிறதாம். யார் கால் எது என்று பிரியவில்லை. ஒரு வாரம் பிள்ளைகளைப் பார்த்து உட்கார்ந்தும் பார்த்திருக்கிறார். சிரிக்கிற பிள்ளையைத்தான் பாராட்டினேன், நானே என்னைக் கண்டுபிடித்துவிட்டேன் என்றார். ஜெனிஸ்டனின் அம்மா வந்து, செய்யாத தப்புக்கு என் பிள்ளையை ஏன் வைதீர்கள் என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். அந்த அம்மா கேட்டதில் நியாயம் இருக்கிறது என்றார் டீச்சர்.

"இந்த மாசத்தோட நிப்பாட்டிருதேன். பிள்ளைக நெஞ்சுல பழி விழுதது எனக்கு வேண்டாம். இத விட்டா எனக்கு வேற சோலி கெடையாது. அது என் பாடு."

நான் கீழே கிடந்த சுத்தியலை எடுத்து வைத்தேன். அப்போது அவரே, என்னைத் தேற்றுகிற மாதிரி, தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார். சங்கு குளிக்கிறவர்களுக்கு ஆழத்தில் தண்ணீர் அமுக்கிக் காது போய்விடும். அவர் அப்பாவுக்கு நாற்பது வயதிலேயே இரண்டு காதும் போய்விட்டது. வள்ளத்தில் அவரை யாரும் வாயால் கூப்பிட மாட்டார்கள். கூட வந்தவர்கள் பலகையில் காலால் மிதிப்பார்கள். ஒரு மிதி என்றால் திரும்பு, இரண்டு மிதி என்றால் கயிற்றைப் பிடி. யார் மிதித்தது என்று கூட அப்பாவுக்குத் தெரியுமாம். "செருப்பு போட மாட்டாரு எங்கப்பா. காதுக்கு எதுக்கு மூடின்னு கேப்பாரு."

அதைச் சொல்லிவிட்டு அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. என் கண் அவர் ஷூவிலும், அது நிற்கிற சிமெண்டுத் தரையிலும் இருந்தது. அவர் நாற்காலி எப்போதும் பலகைக்கு வெளியே, சிமெண்டில்தான் கிடக்கும். ஒரு வாரம் பொறுங்கள் டீச்சர் என்றேன். எதுக்கு என்று கேட்டார். எனக்கே முழுசாகத் தெரியவில்லை, அதனால் சொல்லவில்லை.

அந்த வாரம் போல நான் என் மூளையைப் பாடுபடுத்தியதே இல்லை. எல்லாப் பலகையும் ஒன்றாகச் சேர்ந்திருந்தால் எல்லார் கால் அதிர்வும் அவர் பாதத்துக்குக் கலந்துதான் வரும். அதனால் தளத்தைப் பிரித்து ஆறு பாதையாக அடித்தேன். ஒரு பிள்ளைக்கு ஒரு பாதை, ஆறு ஆறு பேராக ஆடிக்கொள்ளட்டும். பாதைக்கும் பாதைக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி. ஒன்றின் அதிர்வு இன்னொன்றுக்குப் போகாமல் இருக்க அடியில் லாரி டயரை வெட்டி வைத்தேன். ஒவ்வொரு பாதையின் முனையிலிருந்தும் இரண்டு விரல் அகல நீள மரச்சட்டம், நாங்கள் ரீப்பர் என்போம், அப்படி ஒன்றை நாற்காலி வரை நீட்டி, ஆறு ரீப்பரையும் அங்கே பக்கம் பக்கமாக, ஆர்மோனியக் கட்டை மாதிரி சேர்த்தேன். இடது பாதத்துக்கு மூன்று, வலது பாதத்துக்கு மூன்று. கூட வேலை செய்கிறவர்கள், இது எந்தக் கப்பலுக்குப் போற பேலட்டு வே என்று கிண்டல் செய்தார்கள். ஒரு பாதையை மூன்று தடவை பிரித்து அடித்தேன். ஆணி அதிகமானால் அதிர்வு செத்துவிடுகிறது. குறைந்தால் பலகை கிலுகிலுக்கிறது.

சனிக்கிழமை சாயங்காலம் டீச்சர் வந்து பார்த்தார். பார்த்த உடனே அவருக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். நாற்காலியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார், காலுறையைக் கழற்றினார். அவர் வெறுங்காலை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். பெருவிரல் இரண்டும் உள்பக்கமாக வளைந்து, பாதமெல்லாம் காய்ப்புக் காய்த்திருந்தது. சினிமாவில் காட்டிய கால் இதுதானா என்று கேட்டால் யாரும் நம்ப மாட்டார்கள். அந்தப் பாதங்களை ரீப்பர்களின் மேல் வைத்து, விரலைப் பரப்பி, சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

ஆறு பேர் ஏறி நின்றார்கள். இரண்டாவது பாதையில் பவித்ரா. நான்காவதில் ஜெனிஸ்டன். அவன் முகம் சுண்டிப்போயிருந்தது. வரமாட்டேன் என்றவனை அவன் அம்மாவே கூட்டிக்கொண்டு வந்து, வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். டீச்சர் கையைத் தூக்கி இறக்கினார். ஆட ஆரம்பித்தார்கள்.

ஒரு நிமிஷம் ஆனது. டீச்சர் அசையவில்லை. இன்னொரு நிமிஷம். இது நடக்கவில்லை என்றால் அவருக்கு ஆசை காட்டி மோசம் செய்தவன் ஆகிவிடுவேனே என்று இருந்தது.

"ரெண்டு" என்றார் டீச்சர். "வலது குதி பிந்துது. சோம்பேறி."

பவித்ரா சந்தோஷத்தில் வாயைப் பொத்திக்கொண்டாள். திட்டு வாங்கி அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"நாலு..." என்றார். ஜெனிஸ்டன் நின்றுவிட்டான். வாசலில் அவன் அம்மா கட்டிய கையை அவிழ்த்தார்.

"எதுக்குல நின்னுட்ட? ஆடு, ஆடு." அவன் மறுபடியும் ஆடினான். டீச்சர் பாதத்தை ரீப்பரில் லேசாகத் தேய்த்துப் பார்த்தார். "நாலுல பிள்ளை ஒழுங்காத்தான் ஆடுதான். ஆணி ஒண்ணுதான் தப்பா ஆடுது. தம்பி, அது என்னன்னு பாரும்."

நான் ஓடிப்போய்க் குனிந்து பார்த்தேன். நான்காவது பாதையில், ரீப்பர் சேருகிற இடத்தில், ஓர் ஆணி நூல் அளவுக்கு மேலே எழும்பி நின்றது. கண்ணுக்குத் தெரியவில்லை, விரலால் தடவித்தான் கண்டுபிடித்தேன். என் வேலையில் யார் குறை சொன்னாலும் எனக்கு முகம் கறுத்துவிடும். அன்றைக்கு மட்டும் கண் கலங்கிவிட்டது. பிள்ளைகள் பார்க்கக்கூடாதே என்று தலையைக் குனிந்துகொண்டு சுத்தியலை எடுத்தேன். ஒரே அடியில் இறங்க வேண்டிய ஆணி. கண் மங்கியதில் எனக்கு மூன்று அடி ஆனது.

"மூணு அடி" என்றார் டீச்சர், சுவரைப் பார்த்தபடியே.